பதினொன்று, இருபது... பட்டறைக்கும் உண்டு செமஸ்டர்!

எக்ஸாம் தேதி அறிவிச்சா நமக்கு வயித்தைக் கலக்குமா இல்லையா? திருவொற்றியூரில் லேத் பட்டறை வெச்சிருக்கிற அண்ணன்களுக்கும் அந்தக் கலக்கல் உண்டு. நமக்காவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. அவங்களுக்கு மாசா மாசம்! 11-ம் தேதி ஒன்று, 20-ம் தேதி ஒன்று. கோட்டை விட்டா அரியர் எழுதிக்கலாம் என்கிற வசதியெல்லாம் அங்கே கிடையாது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவிகித வட்டி. தீட்டிடுவாங்க!

எல்லாம் 2017 ஜூலை 1 நள்ளிரவில் வந்த ஜி.எஸ்.டி. செய்த வேலை. 11-ம் தேதிக்குள் போன மாசம் போட்ட பில்லையெல்லாம் அரசாங்கத்தின் இணையதளத்தில் ஏற்றணும். 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டணும். (வருஷ வியாபாரம் 5 கோடி ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாக்கல் செய்ற முறைக்கு மாறிக்கலாம். அதுக்கு வேற தேதிகள். ஆனா வரி மட்டும் மாசா மாசம்தான்!)

இந்தத் தேதிகளை நம்பி ஒரு பெரிய தொழிலே நடக்குது பாஸ். சிறு தொழில் செய்றவங்க கணக்கை இணையத்திலேயே எழுதி, பில் போட்டு, வரி தாக்கல் வரைக்கும் செய்ய உதவுகிற சாஃப்ட்வேர் கம்பெனிகள். அதில் ஒன்று நம்ம சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, அமெரிக்காவரை வித்துக்கிட்டு இருக்கு. கேம் கம்பெனி, சினிமா ஆப் கம்பெனின்னா ஜாலியா இருக்கும். கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறதில் அப்படி என்ன இருக்கு? கேட்டுப் பார்த்தா... அட, விஷயம் இருக்கு!

சந்துக்குள்ளே ஒரு சங்கிலி

வெளியூர்க்காரங்களுக்குத் திருவொற்றியூர் என்றால் வடிவுடையம்மன் கோயில். இல்லையென்றால் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை வந்த மெட்ரோ. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க, 1946-ல் ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். பற்றிச் சொல்வாங்க. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் கதையைச் சொல்வாங்க. கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் எண்ணூரில் அசோக் லேலண்ட். இந்தப் பக்கம் திரும்பினால் மணலி.

பெரிய கம்பெனிகளின் போர்டு மெயின் ரோட்டில் இருக்கும். அதுங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற பட்டறைகள் சந்துக்குள்ளே இருக்கும். ஷாஃப்ட் கடையறது, பிராக்கெட்டில் ஓட்டை போடறது, வெல்டிங், லாரி பாடி கட்டறது, கன்டெய்னரை ஒட்டுப்போடறது. ஒரு லேத், ரெண்டு டிரில்லிங் மெஷின், நாலு பேர். ஓனரே மெஷினிலும் நிப்பார். பில்லும் அவரே எழுதுவார், அதுவும் கிரீஸ் கையோட!

இப்போ ஒரு கணக்கு. (பயப்படாதீங்க, எம்-3 இல்லை!) பட்டறை ஒரு கம்பெனிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து கொடுக்குது என்று வெச்சுக்குவோம். 18 சதவிகித வரி சேர்த்து பில் 1,18,000. அந்த 18,000 ரூபாயைப் பட்டறைதான் அரசாங்கத்துக்குக் கட்டணும். வாங்கிய கம்பெனி, தான் கட்டவேண்டிய வரியில் அந்த 18,000-ஐக் கழிச்சுக்கும். இதுக்குப் பேர் இன்புட் டேக்ஸ் கிரெடிட்.

2022 ஜனவரி 1-லிருந்து விதி இன்னும் இறுகிடுச்சு. பட்டறை தன்னோட பில்லை இணையத்தில் ஏற்றி, அது கம்பெனியின் பட்டியலில் வந்து நின்றால்தான் கிரெடிட். பட்டறை அண்ணன் 11-ம் தேதியை மறந்துட்டாரா? கம்பெனிக்கு அந்த மாசம் 18,000 கிடையாது. 15 இலக்க ஜி.எஸ்.டி. நம்பரில் ஒரு எழுத்து மாறிப்போச்சா? அதேதான். அடுத்த நிமிஷம் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து போன் வரும். அதுவரைக்கும் பேமென்ட் நிறுத்தம்.

புரியுதா விஷயம்? முன்னாடியெல்லாம் பட்டறைக் கணக்கு பட்டறையோட சொந்த விவகாரம். சிவப்பு அட்டை நோட்டில் எழுதுவாரோ, காலண்டர் தாளுக்குப் பின்னாடி கிறுக்குவாரோ, அவர் இஷ்டம். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கையில் ஒரு பை நிறைய பில்லைக் கொடுத்தால் போதும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சந்துக்குள்ளே இருக்கிற நோட்டும் மெயின் ரோட்டு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒரே சங்கிலியில் மாட்டிக்கிச்சு. என்னைக் கேட்டால், சிறு தொழிலில் கணக்கு சாஃப்ட்வேர் இவ்வளவு வேகமாகப் பரவினதுக்கு விளம்பரமோ டெக்னாலஜி மோகமோ காரணம் இல்லை. உங்க கணக்கு சரியா இல்லைன்னா அடுத்தவன் காசு போகும். அடுத்தவன் உங்க காசை நிறுத்துவான். அவ்வளவுதான்!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கம்பெனி பட்டறைக்குக் காசு கொடுக்க 60 நாள், 90 நாள் ஆகலாம். வரி மட்டும் அதுக்குள்ளேயே கட்டியாகணும். பில் போட்டாச்சு இல்லையா, காசு வந்ததா வரலையா என்று அரசாங்கம் கேட்காது. வராத காசுக்கு வரி! நடுவில் வருகிற சனிக்கிழமைகளில் ஆட்களுக்கு வாரக் கூலியும் கொடுக்கணும். அதனால், யார்கிட்டேயிருந்து எவ்வளவு வரணும், எத்தனை நாளாச்சு என்ற பட்டியல் பட்டறைக்காரருக்கு அலங்காரம் இல்லை. அடுத்த வாரம் ஷட்டரைத் தூக்கறதா வேண்டாமா என்பதே அதை வெச்சுத்தான்.

நெட்வொர்க் கம்பெனி கணக்குப்பிள்ளை ஆன கதை

நம்ம ஊர் கேஸ் ஸோஹோ. 1996-ல் ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள், டோனி தாமஸ் உள்ளிட்டவர்கள் சேர்ந்து ஆரம்பிச்சபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். சரக்கு, நெட்வொர்க் நிர்வாகத்துக்கான சாஃப்ட்வேர். வாங்கினவங்க பெரும்பாலும் டெலிகாம் கருவி செய்ற கம்பெனிகள். கணக்குக்கும் இவங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது!

2000-க்கு அப்புறம் டாட்காம், டெலிகாம் ரெண்டும் அடுத்தடுத்து கவிழ்ந்தது. வாங்கிக்கிட்டிருந்த கம்பெனிகளே காணாமல் போக ஆரம்பிச்சது. ஒரே மாதிரி பெரிய கஸ்டமர்களை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அங்கே பட்டுத் தெரிஞ்சது. 2002-ல் மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் கம்பெனிகளின் ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கான சாஃப்ட்வேர், 2005-லிருந்து ஸோஹோ என்ற பெயரில் இணையத்தில் ஓடுகிற சாஃப்ட்வேர் என்று பாதை மாறியது. ஸோஹோ என்ற பெயரே 'ஸ்மால் ஆபீஸ், ஹோம் ஆபீஸ்' என்பதன் சுருக்கமான சோஹோவைக் கொஞ்சம் திருகி வைத்ததுதான். 2009-ல் கம்பெனியின் பெயரும் அதுவே ஆயிடுச்சு.

2008-ல் பில் போடுவதற்கு மட்டும் ஸோஹோ இன்வாய்ஸ். 2011-ல் முழுக் கணக்குக்கு ஸோஹோ புக்ஸ். இங்கே ஒரு வேடிக்கை கவனிங்க. சென்னையில் உட்கார்ந்து எழுதின சாஃப்ட்வேர்தான். ஆனால் அன்றைக்கு அதுக்குச் சந்தை பெரும்பாலும் வெளிநாடு. நம்ம ஊர்ப் பட்டறைக்கு அப்போ நெட் கனெக்‌ஷனே தகராறு. மாநிலத்துக்கு ஒரு வாட் சட்டம், மேலே கலால் வரி, சேவை வரி என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டிருந்த நேரம் வேற.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லாம் ஒரே இணையதளம், ஒரே படிவம். அரசாங்கமே இணையத்துக்கு வந்துட்ட பிறகு, கணக்கு எழுதுற சாஃப்ட்வேரும் இணையத்தில் இருப்பதுதான் சௌகரியம். அந்த வருஷமே ஸோஹோ புக்ஸில் ஜி.எஸ்.டி. வந்தது. ஜி.எஸ்.டி. இணையதளத்தோடு நேரடியாகப் பேச அனுமதி பெற்ற கம்பெனிகளுக்கு 'சுவிதா ப்ரொவைடர்' என்று பெயர். ஸோஹோவும் அதில் ஒன்று. ஊரைச் சுத்தி வந்த சரக்கு கடைசியில் உள்ளூருக்கே வந்து சேர்ந்தது!

எதிரி யார் தெரியுமா?

ஒரு நிமிஷம். டேலியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னா உங்க ஏரியா பி.காம். பசங்க என்னை உதைப்பாங்க.

பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர். மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருளும் மெஷின் பாகமும் சப்ளை செய்கிறவர். தன் கணக்கை எழுத உருப்படியான சாஃப்ட்வேர் கிடைக்கலை. கணிதம் படிச்ச மகன் பரத் கோயங்காவிடம், நீயே எழுதிக் கொடேன் என்றார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் கம்பெனி பிறந்தது. அதுதான் பிற்பாடு டேலி. கணக்குக்கு எல்லாம் கோடு நம்பர் மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல், பெயரை அடிச்சாலே போதும் என்று செய்ததுதான் அதோட பெரிய சாமர்த்தியம். கணக்கு எழுதுறவங்க விரல் மௌஸைத் தொடாமல் கீபோர்டில் பறக்கும். டேலி தெரியும் என்பதே பயோடேட்டாவில் ஒரு தகுதி ஆச்சு. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

ஆக, புதுசா ஆன்லைன் கணக்கு சாஃப்ட்வேர் நடத்துற கம்பெனிக்கு எதிரி இன்னொரு ஆன்லைன் கம்பெனி இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் பட்டறைக்கு வந்து, டேலியில் எல்லாத்தையும் ஏற்றி, டீ குடிச்சுட்டுப் போகிற அக்கவுண்டன்ட் சாரின் விரல் பழக்கம்தான் எதிரி! அவரும் ஆடிட்டரும் தலையாட்டினால்தான் பட்டறைக்காரர் மாறுவார். அதனால் இந்தத் தொழிலில் கடைக்காரரிடம் விக்கிறதுக்கு முன்னாடி ஆடிட்டரிடம் விக்கணும். நியூசிலாந்தில் 2006-ல் ராட் ட்ரூரி தொடங்கிய ஸீரோ கம்பெனியும் இதே ரூட்தான். கணக்காளர்களைக் கைக்குள் போட்டுக்கிட்டு, அவங்க மூலமாகவே சின்ன கம்பெனிகளைப் பிடிச்சாங்க.

0.1 + 0.2 = ?

இந்தப் பகுதி இன்ஜினீயரிங் மக்களுக்கு. மத்தவங்களும் படிக்கலாம், கடிக்காது.

உங்க லேப்டாப்பில் பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 அடிச்சுப் பாருங்க. 0.3 வராது. 0.30000000000000004 வரும். ஃப்ளோட் என்ற வகையில் கம்ப்யூட்டர் எண்களைப் பைனரியில் வைக்கிறதால வருகிற கூத்து இது. கேமில் பந்து ஒரு மைக்ரான் தள்ளி விழுந்தா யாருக்கும் தெரியாது. கணக்கில் ஒரு பைசா இடிச்சால், பற்றும் வரவும் பொருந்தாது. அக்கவுண்டன்ட் சார் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அந்த ஒரு பைசாவைத் தேடுவார். மறுநாள் உங்க சாஃப்ட்வேருக்குக் கும்பிடு போட்டுடுவார். அதனால் பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைக்கணும், இல்லைன்னா அதுக்கென்றே இருக்கிற டெசிமல் வகையில் வைக்கணும்.

அடுத்து பில் நம்பர். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் நம்பர் வரிசையா வரணும், ஒரு நிதியாண்டுக்குள் ரெண்டு தடவை வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கேட்க சப்பைன்னு தோணும். ஆனால் பட்டறையில் அண்ணன் மொபைலிலும், வீட்டில் அண்ணி கம்ப்யூட்டரிலும் ஒரே செகண்டில் 'சேவ்' அமுக்கினால்? ரெண்டு பேருக்கும் 47-ம் நம்பர் போயிடக் கூடாது. டி.பி.எம்.எஸ். வகுப்பில் தூங்கிக்கிட்டே கேட்டோமே டிரான்சாக்‌ஷன், லாக்கிங்... அதெல்லாம் இதுக்குத்தான்!

இதுக்கெல்லாம் மேல, சட்டம் மாறிக்கிட்டே இருக்கும். 2025 செப்டம்பர் 3-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி 12, 28 சதவிகித அடுக்குகளைத் தூக்குவதாக அறிவிச்சாங்க. பெரும்பாலான பொருள் 5 அல்லது 18, சிலதுக்கு மட்டும் 40. செப்டம்பர் 22-லிருந்து அமல். நடுவில் முழுசா மூணு வாரம்கூட இல்லை. வரி விகிதத்தை மாத்தறது ஒரு வரி கோடுதானே என்று நினைச்சீங்கன்னா, ம்ஹூம்! 21-ம் தேதி ராத்திரி வரை போட்ட பில் பழைய வரியில் அப்படியே நிக்கணும். அந்தப் பில்லுக்கான சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், அதுக்கான கிரெடிட் நோட் பழைய வரியிலேயே போகணும். 22-ம் தேதி காலையில் போடுற பில் புது வரியில் வரணும். ஆகஸ்ட்டில் கொடுத்த கொட்டேஷனை இப்போ பில்லாக மாத்தினால்? யோசிங்க, யோசிங்க.

இதையெல்லாம் ஒரே நேரத்தில் எல்லா கஸ்டமருக்கும் செய்யணும். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் கண்ணில் பட்டுடக் கூடாது. 10-ம் தேதி ராத்திரியும் 19-ம் தேதி ராத்திரியும் ஊரே ஒண்ணா லாகின் செய்யும், அப்போ படுத்துடக் கூடாது. அரசாங்க இணையதளம் திக்கினாலும் திட்டு உங்களுக்குத்தான் விழும்!

திருவொற்றியூர் ஓலை

இங்கே நம்ம ஊர் சிவபெருமானைச் சாட்சிக்குக் கூப்பிடணும். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் இறைவனுக்கு 'எழுத்தறியும் பெருமான்' என்று ஒரு பெயர் உண்டு. தலபுராணக் கதை இது: ராஜா ஒருத்தர் ஊர் ஊராக வரி விதிச்சு ஓலை எழுதச் சொல்றார். எழுதி முடிச்ச ஓலையைப் பிரிச்சுப் பார்த்தால், ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று ரெண்டு வரிக்கு நடுவில் ஒரு வரி புதுசா முளைச்சிருக்கு. எழுதினது யார்? ஓலை எழுதினவரும் இல்லை, ராஜாவும் இல்லை. சாமியே எழுதினது என்று முடிவாச்சாம்.

சாமி எழுதினா சரி. ஆசாமி எழுதினா? கணக்கில் வரிக்கு நடுவில் வரி செருகுறதும், மார்ச் மாச பில்லை ஜூனில் அழிக்கிறதும் காலம் காலமா நடக்கிற சமாசாரம். 2023 ஏப்ரல் 1-லிருந்து, கம்பெனிச் சட்டப்படி பதிவான எந்தக் கம்பெனியும் பயன்படுத்துற கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும், அது செய்த தேதியோடு, பதிவாகியே ஆகணும். அந்த வசதியை அணைச்சு வைக்கவும் முடியக் கூடாது. இதுக்குப் பேர் ஆடிட் டிரெயில். தனி ஆள் நடத்துற பட்டறைக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் சாஃப்ட்வேர் ஒன்றுதானே? எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுவாங்க.

பட்டறைக்காரங்களுக்கு இதில் ஒரு பயமும் உண்டு. எல்லாம் தெரிஞ்சுடுமே என்ற பயம். எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்திட்டா நாளைக்கு யார் யார் பார்ப்பாங்களோ? இதை அறியாமை என்று சிரிச்சுட்டுப் போகிற கம்பெனி இந்த ஏரியாவில் நாலு கஸ்டமரைக்கூடப் பிடிக்காது. அதே சமயம், 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் தண்ணி புகுந்த இடங்களை நினைச்சுப் பாருங்க. ஊறிப்போன பில் புக்கை வெயிலில் காய வெச்சாலும் கார்பன் எழுத்து திரும்பாது.

காசு எங்கிருந்து வருது?

இந்தத் தொழிலில் காசு சொட்டுச் சொட்டாத்தான் வரும். ஒரு கஸ்டமர் மாசம் கொடுக்கிறது சில நூறோ, ஓராயிரமோ. டொராண்டோவில் மைக் மெக்டெர்மென்ட் என்றொருத்தர், 2003-ல் வேர்டில் பழைய இன்வாய்ஸ் மேலேயே புதுசை சேவ் செய்து தொலைச்ச எரிச்சலில் ஆரம்பிச்சதுதான் ஃப்ரெஷ்புக்ஸ். அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் மூணரை வருஷம் ஓட்டினார். ரெண்டு வருஷம் கழிச்சு எண்ணிப் பார்த்தா காசு கொடுக்கிற கஸ்டமர் பத்தே பேர்! ஸீரோ கம்பெனி பங்குச் சந்தைக்குப் போய், கோடி கோடியா முதலீடு வாங்கி, வளர்ந்துக்கிட்டே நஷ்டம் காட்டிக்கிட்டு, முழு வருஷ லாபம் பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு.

ஸோஹோ எடுத்தது வேற ரூட். வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல், ஒரு சாஃப்ட்வேரில் வந்த காசில் அடுத்ததை எழுதினாங்க. நெட்வொர்க் சாஃப்ட்வேர் சம்பாதிச்சுக் கொடுத்ததில்தான் கணக்கு சாஃப்ட்வேர் நிதானமாக வளர்ந்தது. ஆட்களையும் வித்தியாசமா எடுத்தாங்க. 2005-லிருந்து ப்ளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, சொந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்து வேலையும் கொடுக்கிறாங்க. (நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்கிற நமக்குக் கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு!) 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில் ஆபீஸ் போட்டாங்க. 2023-ல், தங்கள் எல்லா சாஃப்ட்வேருக்கும் சேர்த்து 10 கோடி பயனாளர்களைத் தாண்டிட்டதா அறிவிச்சாங்க. 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு சி.இ.ஓ. நாற்காலியிலிருந்து எழுந்து தலைமை விஞ்ஞானி ஆனார். சைலேஷ் குமார் டேவி குழும சி.இ.ஓ. ஆனார்.

சொந்தக் காசில் மெதுவா போறதுதான் பெஸ்ட் என்று நான் தீர்ப்பெல்லாம் சொல்லப் போறதில்லை. பின்னாடி தாங்கிப் பிடிக்க இன்னொரு சாஃப்ட்வேர் வருமானம் இல்லாதவங்களுக்கு அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் கஸ்டமர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் முக்கியம். கணக்கு சாஃப்ட்வேரை யாரும் மாசத்துக்கு ஒன்று மாத்த மாட்டாங்க. பழைய வருஷக் கணக்கெல்லாம் அதுக்குள்ளேதான் கிடக்கும். கம்பெனி நிலைச்சு நிக்கணும்.

நிலைச்சு நிக்கலைன்னா? அமெரிக்காவின் இன்ட்யூட் 1983-ல் ஸ்காட் குக் தொடங்கிய கம்பெனி. வீட்டு பில்லுகளைக் கட்டறது பெரிய தலைவலி என்று மனைவி அலுத்துக்கிட்டதிலிருந்து பிறந்தது அவங்களோட குயிக்கன். வீட்டுக் கணக்குக்கு வித்ததை நிறைய பேர் கடைக் கணக்குக்குப் பயன்படுத்துறாங்க என்று கண்டுபிடிச்சு, 1992-ல் குயிக்புக்ஸ் கொண்டுவந்தாங்க. உலகத்தில் இந்தத் துறையின் ராட்சசன் அது. அதுவே இந்தியாவில் 2022-ல் விற்பனையை நிறுத்தி, 2023-ல் கடையைக் கட்டிடுச்சு. இங்கே அதில் கணக்கு எழுதிக்கிட்டிருந்தவங்க குறிப்பிட்ட தேதிக்குள் தங்கள் கணக்கை இறக்கிக்கிட்டு வேற இடம் தேட வேண்டியதாச்சு. வீடு காலி செய்ற மாதிரிதான். பீரோவைத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம். சுவரில் அடிச்ச ஆணி எல்லாம் அங்கேயே நின்னுடும்.

வசூல் செய்து தருமா?

சரி, இதெல்லாம் வாங்கிப் போட்டால் பட்டறைக்குக் காசு சீக்கிரம் வருமா? வராது. சாஃப்ட்வேர் போய்க் கதவைத் தட்டாது. 45 நாள் தாண்டிடுச்சு என்று சிவப்பில் காட்டும். அவ்வளவுதான் அதோட வேலை.

ஆனால் அந்த 45-க்கு இப்போ கொஞ்சம் பலம் வந்திருக்கு. 2006-ம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டத்திலேயே 45 நாளுக்குள் காசு கொடுக்கணும் என்று இருக்கு. கண்டுக்கிட்டவங்க கம்மி. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, பதிவு செய்த குறு, சிறு தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடுவுக்குள் காசு கொடுக்காத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுக்கிற வரைக்கும் செலவாகக் காட்டி வரியில் கழிச்சுக்க முடியாது. (எழுத்தில் ஒப்பந்தம் இல்லைன்னா கெடு 15 நாள்தான்.) இதில் ஒரு சிக்கலும் இருக்கு. ரொம்ப வற்புறுத்தினால், சட்டம் பேசுறியா என்று ஆர்டரை வேற பட்டறைக்குக் கொடுத்துட்டா? இந்தக் கேள்விக்கு எந்த சாஃப்ட்வேரிலும் பட்டன் கிடையாது.

அப்புறம் அந்த அக்கவுண்டன்ட் சார். எல்லாம் தானா ஏறிட்டா அவருக்கு வேலை போயிடுமே என்று தோணும். எனக்கு அப்படித் தெரியலை. எந்த பில்லுக்கு எந்த வரி, வந்த நோட்டீஸுக்கு என்ன பதில் என்று சொல்ல ஆள் வேணும். ஏற்றுகிற வேலைக்கு மட்டும் போய்க்கிட்டிருந்தவங்க பாடு திண்டாட்டம்தான். அதை மூடி மறைக்க வேண்டாம்.

நமக்கு மிச்சம் வெச்சிருக்காங்க

எல்லாத்தையும் பெரிய கம்பெனிகளே முடிச்சுட்டாங்க என்று நினைக்காதீங்க. பட்டறை ஜாப் ஒர்க்கையே எடுத்துக்குங்க. கம்பெனி தன் இரும்பை டெலிவரி சலானில் பட்டறைக்கு அனுப்பும். இரும்பு கம்பெனியோடது, வேலை பட்டறையோடது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருஷத்துக்குள் அது திரும்பிப் போகணும். போன எடை ஒன்று, கடைஞ்ச பிறகு எடை ஒன்று, நடுவில் கீழே விழுந்த சுருள் இரும்புக் கழிவு ஒன்று. அந்தக் கழிவு யாருக்கு, எத்தனை கிலோ என்பதில்தான் பாதி சண்டை. பட்டறையில் இதுக்குக் கணக்கு துண்டுச் சீட்டிலும், சுவரில் சாக்பீஸிலும், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலும் இருக்கும். கிரீஸ் கையோட, மெஷின் சத்தத்துக்கு நடுவில், வடசென்னைத் தமிழில் பேசினால் அதைச் சலானோடு சேர்த்து எழுதிக்கிற ஒரு சின்ன ஆப் எப்படி இருக்கும்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தையும் லைப்ரரி மேனேஜ்மென்ட்டையும் செய்துக்கிட்டு இருப்போம்? டீம் சேர்த்துக்கிட்டு ஏதாவது ஒரு பட்டறையில் நாலு நாள் உட்கார்ந்து பாருங்க. போறதுன்னா 21-ம் தேதிக்கு மேல போங்க. அதுக்கு முன்னாடி போனீங்கன்னா டீ கூடக் கிடைக்காது!